கண்ணைக் கேட்டவருக்குக் கோல்தான் கிடைத்தது

ஆலையை மூடப்போகிறார்கள் என்பது எங்களுக்கு வாட்ஸ்அப்பில்தான் முதலில் தெரிந்தது. நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியது மறுநாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனி. டிப்ளமோ முடித்த கையோடு டிரெய்னியாகச் சேர்ந்தவன், தரப் பரிசோதனையில் சீனியராக வெளியே வந்தேன். சேரும்போது கல்யாணம் ஆகவில்லை. வெளியே வரும்போது மகள் பதினொன்றாம் வகுப்பு. நடுவில் வேறு எங்கும் வேலை தேடியதே கிடையாது.

பணம் கொடுத்தார்கள். வாயிற்கூட்டம், பேச்சுவார்த்தை எல்லாம் முடிந்து செட்டில்மென்ட் வந்தது. ஆனால் செட்டில்மென்ட் பணத்தை வங்கியில் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு வருகிற பயம் வேறு ரகம். சம்பளம் என்றால் செலவழித்தாலும் அடுத்த மாதம் வரும். இது தொட்டால் குறையும், தொடாவிட்டால் வீடு நடக்காது.

வேலை போனவர்களுக்கு மட்டும் வருகிற நிலைமை இல்லை இது. ரிட்டையர் ஆனவர்கள், துணையை இழந்தவர்கள், பிள்ளைகளை வெளியூர் அனுப்பிவிட்டு வெறும் வீட்டில் இருப்பவர்கள் எல்லாருக்கும், பழையது முடிந்து புதியது தொடங்காத ஒரு காலம் வருகிறது. சாமி கும்பிடுகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் கூடுதலாக ஒரு தொல்லை. இத்தனை நாள் கும்பிட்டோமே, அவன் என்னதான் செய்துகொண்டிருக்கிறான் என்ற கேள்வி ராத்திரியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நம்பிக்கை இல்லாத நண்பர்களைப் பார்த்து அந்த ஒரு விஷயத்தில் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவர்களுக்கு மேனேஜ்மென்ட் மேல் மட்டும்தான் கோபம்.

நாங்கள் திருவள்ளூர். எங்கள் வீட்டில் சைவம், விபூதி. மனைவி பிறந்த வீடு பெருமாள் பக்கம். அமாவாசை என்றால் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. சண்டை இல்லாமல் இரண்டும் ஒரே பூஜை அலமாரியில் இருக்கின்றன. வேலை போன செய்தி கேட்டதும் அவள் சொன்னது, "என்னங்க, முதல்ல சாப்பிடுங்க." அதைவிடப் பக்தியான வார்த்தையை அந்த வாரத்தில் நான் வேறு யாரிடமும் கேட்கவில்லை.

சொந்தக்காரர்கள் வேறு மாதிரி ஆரம்பித்தார்கள். ஒரு அத்தை போன் செய்து, "ராசா, உனக்கு ஏழரை நடக்குதுப்பா, அதான்" என்றார். இன்னொருவர் குலதெய்வத்துக்குப் போய் எத்தனை வருஷம் ஆச்சு என்று விசாரித்தார். மச்சான் ஒரு ஜோசியரைக் கூட்டிவந்தே விட்டான். அவர் கட்டத்தைப் பார்த்துவிட்டுப் பரிகாரமாக ஹோமம் ஒன்று சொன்னார். செலவு 35,000 ரூபாய். செட்டில்மென்ட் வந்திருப்பது அவருக்கும் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எல்லாப் பேச்சுக்கும் அடியில் ஓடியது ஒன்றுதான்: நீ ஏதோ தப்பு செய்திருக்கிறாய், அதைக் கண்டுபிடி. எங்கள் ஷாப் ஃப்ளோரில் இருந்த எல்லாருக்கும் ஒரே நாளில் வேலை போயிற்று. எல்லாருக்கும் ஒரே ராசியா என்ன? ஆர்டர் குறைந்தது, முதலாளிகள் லைனை வேறு இடத்துக்கு மாற்றினார்கள், கதவு மூடியது. காரணம் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது வினைக் கணக்கைத் தோண்டுவது மனுஷனைத் தின்றுவிடும். இந்தக் காலத்தில் இருப்பவர்கள் முதலில் விடவேண்டியது இந்தத் தோண்டலைத்தான்.

என்னைப் பிடித்து நிறுத்தியது தேவாரம் பாடிய நாயன்மார் சுந்தரரின் கதை. சின்ன வயதில் கேட்டதுதான். ஆனால் வேலை போனபிறகு கேட்டபோது அது ஏதோ எங்கள் பக்கத்துத் தெருவில் நடந்ததுபோல இருந்தது. கதையில் வருகிற திருவெண்பாக்கம் உண்மையிலேயே பக்கம்தான், திருவள்ளூரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் வாக்கில்.

கதை தெரிந்தவர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது, உன்னைப் பிரியமாட்டேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்கிறார் சுந்தரர். அப்புறம் திருவாரூர் வசந்த விழா ஞாபகம் வந்து ஊரை விட்டுக் கிளம்புகிறார். எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகின்றன. பார்வை இல்லாமல், வழியில் இருக்கிற கோயில் ஒவ்வொன்றிலும் கேட்டுக்கொண்டே போகிறார். திருவெண்பாக்கத்துக்கு வந்து, சாமி, கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்கிறார். உள்ளேயிருந்து பதில் வருகிறது: "உளோம் போகீர்." இருக்கிறோம், நீ போய்க்கொண்டிரு. கூடவே ஒரு ஊன்றுகோல். அவ்வளவுதான். கண் கேட்டவருக்குத் தடி.

பாதி வழியில் காஞ்சிபுரம் ஏகம்பத்தில் ஒரு கண் வருகிறது. இன்னொன்று திருவாரூர் போய்ச் சேர்ந்த பிறகுதான். இடையில் திருத்துருத்தியில், இப்போது நாம் குத்தாலம் என்கிற ஊரில், உடம்பில் வந்த நோய் தீர்கிறது. ஒரே ஊரில் எல்லாமும் கிடைத்துவிடவில்லை.

சுந்தரருக்குக் கண் போனதற்குச் சத்தியத்தை மீறியது காரணம். நமக்கு அப்படி எதுவும் இருக்கவேண்டியதில்லை. அதனால் கதையின் அந்தப் பாதியை விட்டுவிட்டேன். எனக்கு வேண்டியிருந்தது தடிப் பாதி.

திருவெண்பாக்கம் இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. சென்னைக்குக் குடிநீர் தேவை என்று 1940களில் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் கட்டினார்கள். வேலை முடிந்தது 1944இல். திட்டத்துக்குப் பாடுபட்ட சென்னை மேயர் சத்தியமூர்த்தி அது கட்டி முடிவதைப் பார்க்கவில்லை, 1943இல் இறந்துவிட்டார். நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர். கோயில் இருந்த அந்தப் பழைய ஊரைத் திருவிளம்பூதூர் என்றும் சொல்வார்கள், அது நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. கோயிலைப் பூண்டிக்கு மாற்றிக் கட்டினார்கள். "இருக்கிறோம்" என்று சொன்ன சாமியே இடம் மாறவேண்டி வந்தது. இதை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ரொம்ப நாளைக்கு அப்புறம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். சாமி பெயர் ஊன்றீஸ்வரர். பெரிய கோபுரம், கூட்டம், கியூ எதுவும் இல்லை. சுந்தரர் கோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நந்திக்கு ஒரு கொம்பு உடைந்திருக்கிறது. ஊர்க்கதை என்னவென்றால், கண் கேட்டால் தடி கொடுக்கிறாயே என்று கோபத்தில் அதைச் சாமி மேலேயே வீசினாராம் சுந்தரர். நந்தி குறுக்கே வந்து வாங்கிக்கொண்டதாம். அம்பாள் பெயர் மின்னலொளி அம்மை. சுந்தரர் இருட்டில் போகும்போது மின்னலாக வழி காட்டினாள் என்கிறார்கள். "கண்ணே தெரியாதவருக்கு மின்னல் எதுக்குப்பா?" என்று மகள் கேட்டாள். அர்ச்சகர் காதில் விழுந்துவிட்டது. கோபித்துக்கொள்ளவில்லை. "கூட வர்றவங்களுக்கும்மா" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை, என் மனைவி மட்டும் அதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் அம்பாள் சன்னதியிலேயே நின்றாள்.

எனக்கு அந்த நந்தியைத்தான் பிடித்தது. கொம்பு முறிந்த இடம் வழவழவென்று இருக்கிறது, யார் யாரோ தடவித் தடவி. சாமி மேல் தடியைத் தூக்கி எறிந்தவரை நாயன்மாராக வைத்திருக்கிற மதம் இது. கோபம் வந்தால் நம்பிக்கை போய்விட்டது என்று எனக்கு யாரும் சொல்லமுடியாது.

யோசித்துப் பார்த்தால் சுந்தரர் வாழ்க்கையே அப்படித்தான் ஆரம்பிக்கிறது. கல்யாண மேடையில் சாமியே ஒரு கிழவராக வந்து, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த அடிமை ஓலை இருக்கிறது என்று நிறுத்திவிடுகிறார். அவரைப் பித்தன் என்று திட்டுகிறார் மாப்பிள்ளை. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபை வரைக்கும் போகிறது. முதல் பாட்டே அந்தத் திட்டிலிருந்துதான். கடைசியில் திருவாரூரில், இன்னொரு கண்ணைத் தராவிட்டால் "வாழ்ந்துபோதீரே" என்று பாடுகிறார். நீயாவது நன்றாக இருந்துவிட்டுப் போ என்று நம் வீட்டுக் கிழவிகள் முந்தானையை உதறிச் சொல்வார்களே, அதே தொனி. கோபத்தில் பேச்சை நிறுத்திவிட்டுக் கோயில் பக்கமே தலைவைக்காமல் இருப்பதற்கும், கோயிலுக்குள் போய் நின்று திட்டுவதற்கும் நிறைய வித்தியாசம். முதலாவது ரொம்பச் சுலபம். என்னோடு வேலை செய்த ஒருவர் அப்படி நிறுத்தினார். அதற்கு முன்னால் ஒரு மண்டலத்துக்கு மூன்று விரதம் சேர்த்து இருந்தவர் அவர், பழனிக்கும் நடந்தார். வேலை வரவில்லை என்றதும் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். கஷ்டகாலத்தில் பக்தியைத் திடீரென்று ஏற்றிக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது பயம்தான் வருகிறது.

நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஏ ஷிப்டுக்கு எழுந்து எழுந்து, வேலை போன பிறகும் நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். கம்பெனி பஸ் வராது, ஆனால் கண் திறந்துவிடும். அந்த நேரத்து இருட்டில் படுத்திருந்தால் வீட்டுக் கடன், மகள் ஃபீஸ், மாமனார் ஆபரேஷன் என்று வரிசையாக வந்து நிற்கும். எழுந்து குளித்துவிட்டு, விபூதி பூசிக்கொண்டு, ஒரு பதிகத்தைச் சத்தம் போட்டுப் படிப்பேன். ஏழாம் திருமுறையில் சுந்தரர் பதிகம் நூறு இருக்கிறது. ஒன்றில் பத்துப் பதினோரு பாட்டு. இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். உருகிப் படித்தேன் என்று சொல்லமாட்டேன். வாய் பாட்டுக்குப் பாடும், மனசு பாட்டுக்கு இஎம்ஐ கணக்குப் போடும். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது, அதற்கு மேல் அந்த வேளையில் ஒன்றும் கேட்கக்கூடாது. உங்களுக்கு அது தொழுகையாக இருக்கலாம், ஜெபமாக இருக்கலாம். வேலை நேரத்தில் உடம்பு எழுந்து பழகிய அதே மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்வது. அந்த மணி காலியாக இருந்தால் பயம் வந்து நிரப்பிக்கொள்ளும்.

கேட்பதைப் பற்றி ஒன்று. பெரிய மனிதர்கள் சிலர், கடவுளிடம் எதுவும் கேட்கக்கூடாது, அவன் சித்தம் என்று விட்டுவிட வேண்டும் என்பார்கள். வங்கியில் பணம் இருப்பவர்கள் அப்படிச் சொல்வது எளிது. சுந்தரர் கேட்டார். குண்டையூரில் நெல்மலை கிடைக்கிறது; திருவாரூர் வீட்டுக்குக் கொண்டுபோக ஆள் இல்லை. நேராகத் திருக்கோளிலிக்குப் போய், வீட்டில் மனைவி பரவை வாடாமல் இருக்கவேண்டும், நெல்லைத் தூக்க ஆள் அனுப்பு என்று பாடுகிறார். ‘எனக்கு நல்லது செய்’ என்று பொதுவாகச் சொல்லவில்லை. லோடு இவ்வளவு, இறக்கவேண்டிய இடம் இது என்பதுபோலக் கேட்கிறார். அதைப் பார்த்து நானும் மாறினேன். ‘வாழ்க்கை சீராகணும்’ என்று கும்பிட்டால் சாயங்காலம் அது நடந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? ‘இன்றைக்குப் பழைய சப்ளையர் மூன்று பேருக்கு போன் செய்யணும், கூச்சம் வராமல் இருக்கணும்’ என்று கேட்க ஆரம்பித்தேன். நாற்பது தாண்டியவனுக்கு வேலை கேட்டு போன் செய்கிற கூச்சம் சாதாரணக் கூச்சம் இல்லை. நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு, அவர் சாப்பிடுகிற நேரமாக இருக்குமோ என்று அரைமணி நேரம் தள்ளிப்போடுவேன். சில நாள் மூன்றில் ஒன்றுதான் முடியும்.

சகுனம் பார்ப்பதை விட்டேன். இதற்குக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. புனேயில் ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள். சம்பளம் பழையதைவிட அதிகம். மகள் பிளஸ் டூ போகிற நேரம். மச்சான், "மாமா, பூ போட்டுப் பாத்துருவோம்" என்றான். வெள்ளைப் பூ வந்தால் போவது, சிவப்பு வந்தால் இருப்பது. நானும் மனைவியும் ராத்திரி உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போட்டோம். அங்கே வாடகை, இரண்டு குடித்தனச் செலவு, மாதம் ஒரு தடவை ரயில், மகள் தனியாகப் பொதுத்தேர்வு. கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது அவ்வளவு பெரிய தொகை இல்லை. வேண்டாம் என்று முடிவு செய்தோம். பூ போட்டிருந்தால், பிற்பாடு சிரமம் வரும்போதெல்லாம் சாமி தப்பாகச் சொல்லிவிட்டது என்று தோன்றியிருக்கும். கணக்குப் போடுகிற புத்தியும் அவன் கொடுத்ததுதானே.

பணத்தில் ஒரு விதி வைத்தோம்: வேண்டுதல் எதுவாக இருந்தாலும் காலாலோ கையாலோ தீர்ப்பதாக இருக்கவேண்டும். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர் நடப்பேன், மொட்டை போடுவேன், சரி. வேலை கிடைத்தால் உண்டியலில் இவ்வளவு, தங்கத்தில் வேல், இதெல்லாம் கிடையாது. பயத்தில் இருக்கும்போது வாய் பெரிய தொகை பேசும். அப்புறம் அதுவே ஒரு கடனாக நெஞ்சில் உட்காரும். ஜோசியரின் ஹோமத்துக்கும் இதே விதியைச் சொல்லி மறுத்தோம். இன்னொன்று, கோயிலுக்குச் சம்பந்தமில்லாதது என்றாலும் சொல்லிவிடுகிறேன். பத்து வருஷத்துக்கு மேல் பிஎஃப் கட்டியவர்கள் கோபத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிட அவசரப்படாதீர்கள். அதில் பென்ஷன் பகுதி தனி. பத்து வருஷ சர்வீஸ் இருந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன் உண்டு. 50க்குப் பிறகு குறைத்தும் வாங்கலாம். கிராஜுவிட்டியையும் நீங்களே ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். நாங்கள் வெளியே வந்தபோது இருந்த கணக்கு இது: கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து, அதை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, சர்வீஸ் வருஷத்தால் பெருக்க வேண்டும். எங்களில் பாதிப் பேர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

உழவாரப்பணிக் குழு ஒன்றில் சேர்ந்ததையும் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு பழைய சிவன் கோயிலுக்குப் போய், மதிலில் முளைத்திருக்கிற அரசங்கன்றைப் பிடுங்குவது, பிராகாரம் கூட்டுவது, விளக்குகளை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்ப்பது. மத்தியானம் தயிர்சாதம், ஊறுகாய். அங்கே யாரும் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கல்யாண வீடுகளுக்குப் போவதையே நான் விட்டிருந்ததற்குக் காரணம் அந்த ஒரு கேள்விதான். குழுவில் ஒரு பெரியவர், ரிட்டையர் ஆன ஓதுவார், என்னைக் கவனித்திருக்கிறார் போல. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குத் தேய்த்துக்கொண்டே, "தம்பி, தடியை வாங்கிட்டு அங்கேயே நின்னாரா, நடந்தாரா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அடுத்த விளக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வேலை கோயிலில் கிடைக்கவில்லை. குழுவில் இருந்த யாரும் வாங்கித் தரவுமில்லை. அப்படி எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் நடந்தது அதுவல்ல. நான் போன் செய்த பழைய சப்ளையர்களில் ஒருவர், முதலில் "பாக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு மறந்துபோனவர், அவருடைய கஸ்டமர் ஒருவர் ஆடிட்டில் மாட்டிக்கொண்டதும் ஞாபகம் வந்து கூப்பிட்டார். ஒரகடத்தில் சின்ன கம்பெனி. கான்ட்ராக்ட் வேலை, வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள். பழைய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. நான் பயிற்சி கொடுத்த பையன் ஒருவன் அங்கே எனக்கு மேலதிகாரி. இன்னும் "சார்" என்றுதான் கூப்பிடுகிறான், அதில் இரண்டு பேருக்குமே சங்கடம். காஞ்சிபுரம் மாவட்டம்தானே, ஒரு கண் வந்துவிட்டது என்று வீட்டில் சொல்லிச் சிரித்தோம்.

இது நடந்து கொஞ்ச காலம் ஆகிறது. மகள் காலேஜில் இருக்கிறாள். கான்ட்ராக்ட் ஒருமுறை புதுப்பித்தாயிற்று, அடுத்த முறை என்ன என்று தெரியாது. பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் நம்பாதீர்கள். மார்ச் வந்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

திருவாரூருக்கு இன்னும் போகவில்லை. அங்கே தியாகராஜர் வருஷம் முழுக்க உடையும் பூவுமாக மூடியே இருப்பார், முகம் மட்டும் தெரியும். பாதம் பார்க்கவேண்டுமென்றால் மார்கழித் திருவாதிரை, பங்குனி உத்திரம் என்று நாள் பார்த்துத்தான் போகவேண்டும். வருகிற பங்குனி உத்திரத்துக்குப் போகலாம் என்று மனைவி சொல்கிறாள். எங்கள் கான்ட்ராக்டில் சம்பளத்தோடு லீவு கிடையாது, போனால் இரண்டு நாள் கூலி பிடிப்பார்கள். தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். "உண்டியலில் போடறதா இருந்தாத்தாங்க நம்ம விதி. இது நடந்து போறது" என்றாள். அந்தப் பையனிடம் லீவு கேட்டிருக்கிறேன்.